அண்ணாமலையின் அடியில் பல மதத்தார்!

ஒரே கேள்வி அவர்களை ஒன்று சேர்த்தது

திருவண்ணாமலை என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? கார்த்திகை தீபம். அக்கினி ஸ்தலமாகிய அருணாசலேசுவரர் கோயில். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வரும் ஜனத்திரள்.

இந்தச் சைவ க்ஷேத்திரத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. முஸ்லிம் நெசவாளி ஒருவர், ஈராக்கில் பிறந்த யூதர் ஒருவர், ஆங்கிலேய ராணுவ மேஜர் ஒருவர், பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர். ஒருவருக்கொருவர் எவ்விதச் சம்பந்தமும் இல்லாத இவர்கள் 20-ம் நூற்றாண்டில் இதே மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களை இழுத்த காந்தம் ஸ்ரீ ரமண மகரிஷி.

எல்லா மதங்களும் சொல்வது ஒன்றே என்று மேடையில் பேசுவது சுலபம். கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 1893-ல் சிகாகோவில் கூடிய சர்வமத மகாசபைக்குப் பிறகு உலகெங்கும் இத்தகைய பேச்சுக்கள் ஏராளம். ஆனால் வெவ்வேறு மதங்களில் ஊறியவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து, அந்த வார்த்தை மெய்தானா என்று தங்கள் வாழ்க்கையையே வைத்துப் பரீட்சை செய்தால் என்ன ஆகும்? திருவண்ணாமலையில் அப்படி ஒரு பரீட்சை நடந்தது.

எழுதிக் காட்டிய பதில்

1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 16 வயதுப் பையனாக 1896 செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பிறகு 1950 ஏப்ரல் 14-ந் தேதி காலமாகும் வரை அந்த ஊரை விட்டு அவர் போகவில்லை.

1902-ம் ஆண்டு வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் அவரைத் தேடி வந்து சில கேள்விகள் கேட்டார். அப்போது மகரிஷி பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார். அவையே பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின.

இந்தக் கேள்வியில் ஒரு விசேஷம் உண்டு. அதில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. இந்துவும் கேட்டுக்கொள்ளலாம், முஸ்லிமும் கிறிஸ்தவரும் கேட்டுக்கொள்ளலாம், கடவுள் இல்லை என்பவரும் கேட்டுக்கொள்ளலாம்! ‘நான், எனது’ என்று துள்ளும் அகந்தை எங்கிருந்து கிளம்புகிறது என்று உள்ளே தேடிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

வந்தவர்கள் யார்?

1911-ல் வேலூரில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் மலைக்கு வந்தார். உலகத்துக்கு உதவி செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதலில் உமக்கு நீரே உதவி செய்துகொள்ளும், அதுவே உலகத்துக்குச் செய்யும் உதவி என்பது மகரிஷியின் பதில்.

தேசூரைச் சேர்ந்த முஸ்லிம் நெசவாளி மஸ்தான் மகரிஷியின் அத்யந்த பக்தர். 1931-ல் அவர் காலமானார். செய்தி கேட்ட மகரிஷி, தம் அடியார் குஞ்சு சுவாமியை அனுப்பி, திருமந்திரம் விதித்த முறைப்படி அவருக்குச் சமாதி அமைக்கச் செய்தார். முஸ்லிமாகப் பிறந்த ஏழை நெசவாளிக்குச் சைவச் சித்தருக்குரிய மரியாதை!

அதே 1931-ல் பத்திரிகையாளர் பால் பிரண்டன் வந்தார். 1934-ல் வெளிவந்த அவரது புத்தகம் மகரிஷியின் பெயரை மேல்நாடெங்கும் கொண்டு சென்றது. 1935-ல் மேஜர் சாட்விக் வந்தார். 1962-ல் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1936-ல் வந்தார் கோஹென் என்ற யூதர்.

இவர்களில் எவரையும் மதம் மாறும்படி மகரிஷி கேட்டதில்லை. கிறிஸ்தவர்கள் சந்தேகம் கேட்டால் அவர் பைபிளையே எடுத்துக் காட்டுவது வழக்கம். மோசஸிடம் இறைவன் தன் பெயராக எதைச் சொன்னான்? தான் ‘இருக்கிறவன்’ என்பதைத்தானே! அந்த ‘இருப்பு’ ஒன்றே எல்லோருக்கும் பொது என்று மகரிஷி விளக்குவார்.

சிறையிலிருந்து வந்த ஆசிரியர்

ஆர்தர் ஆஸ்போர்னின் கதை சுவையானது. லண்டனில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். பிரெஞ்சு அறிஞர் ரெனே கேனோனின் நூல்களால் கவரப்பட்டு இஸ்லாத்தின் சூபி நெறியை ஏற்றவர். பாங்காக் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். 1941-ல் மனைவி லூசியாவும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கினர். அவர் மட்டும் பாங்காக் திரும்பினார். யுத்தம் மூண்டது. ஜப்பானியர் அவரைக் காவல் முகாமில் அடைத்துவிட்டனர்.

இங்கே அவருடைய சிறு மகன் ஆதம் மகரிஷியிடம் போய், அப்பா பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று கேட்டான். மகரிஷி புன்னகையோடு தலையசைத்தார். 1945-ல் அப்பா வந்து சேர்ந்தார்! (அந்தச் சிறுவன்தான் கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை 1981-ல் விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்ற ஆதம் ஆஸ்போர்ன்.)

1964 ஜனவரியில் ஆர்தர் ஆஸ்போர்ன் ஆசிரமத்திலிருந்து ‘மவுண்டன் பாத்’, அதாவது ‘மலைப் பாதை’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். எல்லா மதங்களின் ஞானத்தையும், அவற்றின் மகான்களுடைய அனுபவத்தையும் இக்காலத்து மனிதனுக்கு எடுத்துச் சொல்வது அதன் நோக்கம். சூபி ஞானிகளும், கிறிஸ்தவத் துறவிகளும், ஜென் பௌத்தர்களும் அதில் ரமணரோடு அருகருகே இடம்பெற்றனர். ஆஸ்போர்ன் 1970-ல் மறைந்தார். பத்திரிகை இன்றும் வருகிறது.

பேதம் மறைந்ததா?

அப்படியானால் மதபேதம் அடியோடு மறைந்துவிட்டதா? இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பிரான்ஸிலிருந்து வந்த பாதிரியார் ஆன்ரி ல சோ 1949 ஜனவரியில் மகரிஷியைத் தரிசித்தார். காவி உடுத்து அபிஷிக்தானந்தர் ஆனார். குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் 1950-ல் சாந்திவனம் ஆசிரமம் தோன்றக் காரணமான இருவரில் ஒருவர் அவர். அண்ணாமலைக் குகைகளில் பல நாள் மௌனமாக இருந்தார். ஆனால் ஏசுநாதரை அவர் விடவில்லை; 1973-ல் காலமாகும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். அத்வைத அனுபவம் ஒரு பக்கம், பிறந்த மதத்தின் விசுவாசம் மறுபக்கம். இரண்டையும் இணைக்க முடியாமல் அவர் பட்ட வேதனையை அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. பொது ஞானம் என்பது அவருக்குச் சுலபமாகக் கிடைத்த சரக்கு அல்ல.

கொள்கையிலும் முரண்பாடு உண்டு. ஆத்மாவே சத்தியம் என்பது வேதாந்தம். அப்படி நிலையான ஆத்மா கிடையாது என்பது பௌத்தம். ஆனால் நான் என்று நீ நினைப்பது நீ அல்ல என்பதில் இரண்டும் ஒருமிக்கின்றன. அகந்தை கரைய வேண்டும் என்பதில் சூபிக்கும் கிறிஸ்தவத் துறவிக்கும் கூட அபிப்பிராய பேதம் இல்லை.

இன்னொன்று. கடல் கடந்து வந்தவரை வரவேற்ற அதே ஆசிரமத்தின் உணவுக்கூடத்தில், அந்த நாளில் பிராமணர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். மகரிஷி இருசாராருக்கும் பொதுவாக அமர்ந்து, எல்லோருக்கும் பரிமாறியதையே உண்டார். அயல் மதத்தானை அணைப்பதைவிட அடுத்த இலைக்காரனைச் சமமாக நினைப்பது கடினம் போலும்!

நாம் செய்யக்கூடியது

பல மதங்களிலிருந்தும் நாலு நல்ல வாக்கியங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதனால் மட்டும் சமரசம் வந்துவிடாது. ஆஸ்போர்னும் சாட்விக்கும் அபிஷிக்தானந்தரும் செய்தது அதுவல்ல. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆழமாக இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு அண்ணாமலை போகிறவர்கள், செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்துக்குள் சற்று நேரம் போய் உட்காருங்கள். பக்கத்தில் எந்தத் தேசத்தாரோ கண்மூடி அமர்ந்திருப்பார். இவர் எந்த மதமோ என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன், இப்படிக் கேட்கும் நான் யார் என்று நம்மையே ஒரு முறை கேட்டுக்கொள்வோம். அந்தக் கேள்விக்கு ஜாதியும் இல்லை, மதமும் இல்லை.