துணிக் கன்வேயர் பட்டைகளின் நீட்சியும் பொருள் தேர்வும்

துணி அடுக்குகளை ரப்பருக்குள் பொதிந்து செய்யப்படும் கன்வேயர் பட்டை, இழுவிசைக்கு உட்படும்போது தன் நீளத்தில் அடையும் அதிகரிப்பு பட்டை நீட்சி எனப்படுகிறது. இது வழக்கமாகச் சதவீதத்தில் குறிக்கப்படும். நிலக்கரி, சுண்ணாம்புக்கல், உரம், தானியம் போன்றவற்றை நகர்த்தும் இப்பட்டைகளில், மேலும் கீழும் உள்ள ரப்பர் உறை தேய்மானத்தையும் ஈரத்தையும் தடுக்கிறது. இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் துணியே. எனவே பட்டை எவ்வளவு நீளும் என்பதைப் பெரும்பாலும் அத்துணியின் இழையும் நெசவுமே முடிவு செய்கின்றன. பட்டை வாங்கும்போது பலரும் அறுபடும் வலிமையை மட்டும் ஒப்பிடுகின்றனர். ஆனால் ஒரே வலிமை கொண்ட இரு பட்டைகளில் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு நீளக்கூடும்.

நீட்சி உண்டாகும் விதம்

தறியில் நெய்த எந்தத் துணியிலும் நீளவாக்கில் பாவு நூலும் குறுக்கே ஊடை நூலும் உள்ளன. பட்டையின் இழுவிசையைப் பாவு நூல் ஏற்கிறது. ஊடை நூல் பட்டைக்கு அகலவாட்டில் விறைப்பைத் தருகிறது. கல் விழும்போது பட்டை நீளவாக்கில் கிழிந்து போகாமலும் காக்கிறது.

பாவு நூல் ஊடை நூலுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் செல்வதால் அது நேராக இல்லாமல் அலைபோல் நெளிந்திருக்கும். இழுக்கும்போது முதலில் நிமிர்வது இந்த நெளிவுதான். புதிய பட்டை ஓடத் தொடங்கிய தொடக்க நாட்களில் விரைவாக நீள்வதற்கு இதுவே முக்கியக் காரணம். நிமிர்ந்த நெளிவு முழுவதும் திரும்பி வருவதில்லை. ஆகவே இது நிலைத்த நீட்சியாகிறது.

அடுத்தது, இழையே நீள்வது. இது மீள் நீட்சி: சுமை ஏறினால் நீளும், இறங்கினால் சுருங்கும். ஓடும் பட்டையின் ஒவ்வொரு பகுதியும் சுற்றுக்கு ஒருமுறை இந்த நீளல் சுருங்கலுக்கு உள்ளாகிறது. இவற்றோடு, தொடர்ந்த இழுவிசையில் இழையின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல நழுவுவதால் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக நீட்சி கூடும். இது ஊர்வு எனப்படும்.

நெளிவால் வரும் நீட்சியைத் தொழிற்சாலையிலேயே ஓரளவு எடுத்துவிட முடியும். துணியை ரப்பரோடு ஒட்டுவதற்கான பசைக் கரைசலில் முக்கி, இழுத்துப் பிடித்தபடி சூடேற்றும்போது இழை நீண்ட நிலையில் இறுகுகிறது. பாவு நூலை நெளியவிடாமல் நேராக வைத்து நெய்யும் முறையும் உண்டு.

தளர்வின் விளைவுகள்

பட்டையை ஓட்டும் உருளைக்கும் பட்டைக்கும் இடையே பல் எதுவும் இல்லை. உராய்வு மட்டுமே உள்ளது. உருளையை அரைவட்டம் சுற்றிச் செல்லும் பட்டையில் உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், இறுக்கமான பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தின் இழுவிசையைப் போல் சுமார் 2.5 மடங்கு வரைதான் இருக்க முடியும். அதைத் தாண்டினால் உருளை வழுக்கும். பட்டை நீண்டு தளர்ந்த பக்கத்தின் இழுவிசை குறையும்போது நிகழ்வது இதுவே: மோட்டார் சுழலும், சுமையேறிய பட்டை நிற்கும், உராய்வால் உருளையும் ரப்பரும் சூடேறும்.

கன்வேயரில் உராய்வுச் சூடு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்க விபத்து சான்று. 1950 செப்டம்பர் 26 அன்று அங்கே சரக்கு கைமாறும் இடத்தில் கிழிந்த பட்டை உராய்வில் தீப்பற்றியது. 80 பேர் உயிரிழந்தனர். அங்கு தொடக்கம் கிழிசல், நீட்சி அன்று. ஆயினும் அதன்பின் பிரித்தானியச் சுரங்கங்களில் ரப்பர் பட்டைகளுக்குப் பதிலாக, எளிதில் தீப்பிடிக்காத பி.வி.சி. பட்டைகள் இடம்பெற்றன.

தளர்வை ஈடுசெய்தல்

எந்தப் பட்டையும் நீளாமல் இராது. கேள்வி, நீண்டதை வாங்கிக்கொள்ளக் கன்வேயரில் இடம் உள்ளதா என்பதே. சிறிய கன்வேயர்களில் வால் உருளையைத் திருகாணியால் பின்னுக்குத் தள்ளுவர். நீளமானவற்றில் திரும்பி வரும் பட்டையில் ஒரு மடிப்பை ஏற்படுத்தி, அம்மடிப்பில் உள்ள உருளையில் எடையைத் தொங்கவிடுவர். பட்டை நீள நீள எடை தானாகவே கீழிறங்கும். மடிப்புக்கு இரு பக்கம் இருப்பதால் எடை 1 மீட்டர் இறங்கினால் 2 மீட்டர் பட்டை உள்வாங்கப்படும்.

இரு முனை உருளைகளுக்கு இடையே 250 மீட்டர் கொண்ட கன்வேயரை எடுத்துக்கொள்ளலாம். பட்டையின் மொத்த நீளம் ஏறத்தாழ 500 மீட்டர். பட்டை 1.5 சதவீதம் நீண்டால் 7.5 மீட்டர், எடை 3.75 மீட்டர் இறங்கும். 3 சதவீதம் நீண்டால் 15 மீட்டர், எடை 7.5 மீட்டர் இறங்கும். எடைக்கோபுரத்தில் 5 மீட்டர் இடமே இருந்தால் இரண்டாவது பட்டை, எத்தனை வலிமையானதாக இருந்தாலும், அந்தக் கன்வேயருக்கு ஆகாது. எடை தரையைத் தொட்டதும் ஆலையை நிறுத்தி, பட்டையை வெட்டிக் குறைத்து, மீண்டும் சூடேற்றி இணைக்க வேண்டியிருக்கும். படிப்படியாக வெட்டி ஒட்டும் இவ்விணைப்பில் ஓர் அடுக்கின் வலிமை போய்விடுவதால், புதிய இணைப்பு ஒவ்வொன்றும் பட்டையில் ஒரு பலவீனமான இடமே.

வழுக்கலைக் கண்டதும் எடையைக் கூட்டிக்கொண்டே போவது பல ஆலைகளில் காணப்படும் பழக்கம். இதனால் வழுக்கல் அப்போதைக்கு நிற்கும். ஆனால் கூடிய இழுவிசை பட்டையை மேலும் நீட்டும், தாங்கிகளையும் தேய்க்கும். உருளைக்கு ரப்பர் உறை இடுவதும், பட்டை உருளையைச் சுற்றும் கோணத்தைக் கூட்டுவதும் இதைவிட நல்ல வழிகள்.

இழைகளின் இயல்பு

தொடக்ககாலப் பட்டைகள் பருத்தித் துணியால் ஆனவை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி நூல் பருக்கும். நூல் பருத்தால் நெளிவு கூடிப் பட்டை நீளத்தில் சுருங்கும். மழையில் இறுகி வெயிலில் தளரும் பட்டையைத் திருகாணியால் கட்டுப்படுத்துவது ஓயாத வேலை. உறை தேய்ந்த இடத்தில் ஈரம் புகுந்தால் துணி மட்கியும் போகும்.

1935-இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் உருவாக்கிய நைலான் வலிமையானது, மட்காதது, அடியைத் தாங்குவது. ஆனால் எளிதில் நீளும். சாதாரணக் காற்றீரத்திலேயே தன் எடையில் சுமார் 4 சதவீதம் நீரை ஏற்பதால் ஈரத்தில் இன்னும் இளகும். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டறிந்த பாலியெஸ்டர் இழை ஏற்கும் ஈரம் சுமார் 0.4 சதவீதமே, நீட்சியும் நைலானைவிடக் குறைவு.

இவ்விரண்டின் குணங்களையும் சேர்த்ததே இன்று பரவலாக உள்ள ஈ.பி. வகை. இதில் பாவு பாலியெஸ்டர், ஊடை நைலான். நீளக்கூடாத திசையில் நீளாத இழையும், வளைந்து கொடுக்க வேண்டிய திசையில் நெகிழும் இழையும் அமைவதால் பட்டை தொட்டில்போல் குழிந்து சரக்கை ஏந்துகிறது. ஈ.பி. 500/3 என்ற குறியீடு, மூன்று அடுக்குகளும் சேர்ந்து அகலத்தில் ஒரு மி.மீ.க்கு 500 நியூட்டன் வரை தாங்கும் என்பதைக் காட்டுகிறது. 1,000 மி.மீ. அகலப் பட்டை 500 கிலோ நியூட்டனில் அறுபடும். துணிப் பட்டைகளுக்கு வழக்கமான காப்புக் காரணி 10 என்பதால், அதில் பத்தில் ஒரு பங்கான 50 கிலோ நியூட்டனே ஓட்டத்தில் அனுமதிக்கப்படும்.

தேர்வு

பாலியெஸ்டர் எங்கும் ஏற்றது என்று சொல்லிவிட முடியாது. சூடும் ஈரமும் காரத்தன்மையும் ஒன்றுசேரும் இடத்தில், குறிப்பாகச் சூடான ஈரச் சுண்ணாம்பு போன்றவற்றில், அதன் மூலக்கூறுகள் சிதைந்து வலிமை குறையும். நைலானுக்கோ அமிலம் எதிரி. விளிம்பு வெட்டுப்பட்டோ உறை தேய்ந்தோ போன பட்டையில் இந்த வேறுபாடு விரைவில் தெரியும். பெரிய கற்கள் உயரத்திலிருந்து விழும் குட்டையான கன்வேயரில், நீட்சி அதிகமானாலும் இரு திசையிலும் நைலான் கொண்ட பட்டை நன்கு உழைக்கும். அங்கே மொத்த நீளம் குறைவு என்பதால் நீட்சி பொருட்டாக இராது. அடுக்குகளைக் கூட்டி வலிமை பெற நினைத்தால் பட்டை தடித்து, சிறிய உருளைகளில் வளையும்போது அடுக்குகள் பிரியும் அபாயம் உண்டு.

கிலோமீட்டர் கணக்கில் நீளும் கன்வேயர்களில் துணிக்கு இடமில்லை. அங்கே எஃகு வடங்கள் பதித்த பட்டைகள் தேவை. அவற்றின் நீட்சி சுமார் கால் சதவீதமே. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் மேல்மண்ணையும் நிலக்கரியையும் சுமக்கும் நீண்ட கன்வேயர்களில் எஃகு வடப் பட்டைகள் பயன்படுகின்றன.

எந்தப் பட்டையாயினும் கடைசி இணைப்பைப் போடுமுன் அதை இழுத்து இறுக்கி, எடை மேலே இருக்கும்படி அமைப்பது வழக்கம். எடை நிற்கும் உயரத்தைக் கோபுரத்தில் கோடிட்டு வாரந்தோறும் குறித்து வந்தால், முதலில் விரைவாக இறங்கிப் பின் ஏறத்தாழ நிலைகொள்வதைக் காணலாம். நிலைகொண்ட எடை, சுமை கூடாமலேயே மறுபடியும் இறங்கத் தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியவை இணைப்புகள்: அவற்றில் ஏதோ ஒன்று நழுவத் தொடங்கியிருக்கலாம்.