கையடக்க ஹெட்போன் பெருக்கி வாங்குமுன்

மேடவாக்கம் சாலையும் பல்லாவரத்துக்குச் செல்லும் 200 அடிச் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் கீழ்க்கட்டளையினின்று நாள்தோறும் பேருந்தேறி வரும் மாணவ நண்பர் ஒருவர், தமது கைப்பேசியில் சங்கீதம் சன்னமாய்க் கேட்கிறதென்றும், இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்லதொரு ஹெட்போன் பெருக்கி எதுவென்றும் எம்மை வினவினார். விடை கூறுமுன் நாம் அவரை எதிர்வினாவொன்று கேட்டோம்: உமது ஹெட்போன் எத்தனை ஓம்? அவர் அறியார். அறியாதார் பலராதலின், இவ்விஷயத்தை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

இவ்வினா புதிதன்று. 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தோன்றி ஒலிபரப்பு நிகழ்த்தியது. அக்காலத்துப் படிகப் பெட்டிக்கு மின்கலமுமில்லை, பெருக்கியுமில்லை. வானலையில் வந்து சேரும் அற்பமான சக்தியே செவிக்குழலை இயக்கவேண்டும். ஆகையால் 2000 ஓம், 4000 ஓம் என மிகுந்த மின்னெதிர்ப்புடைய செவிக்குழல்களையே அதனோடு பூட்டினர். ஊட்டும் கருவியும் கேட்கும் கருவியும் தம்முள் இயைதல் வேண்டுமென்பது அன்றே தெளிந்த உண்மை.

ஹெட்போனின் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று மின்னெதிர்ப்பு, அது ஓம் கணக்கு. மற்றொன்று, 1 மில்லிவாட் சக்தி ஊட்டின் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பது. டெசிபெல் 10 உயரவேண்டின் சக்தி பத்து மடங்கு வேண்டும். மிருதங்கத் தனியாவர்த்தனத்தில் ஓங்கி விழும் ஓர் அடி, கணநேரம் 107 டெசிபெல் எட்டுவதாகக் கொள்வோம். 32 ஓம், 100 டெசிபெல் உடைய செவிக்கருவிக்கு அதற்கு 5 மில்லிவாட், அஃதாவது 0.4 வோல்ட் போதும். சாதாரணக் கைப்பேசியே இதனைத் தரும், பெருக்கி வீண்செலவு. 300 ஓம், 97 டெசிபெல் உடைய பெரிய ஹெட்போனுக்கோ 10 மில்லிவாட், ஏறக்குறைய 1.7 வோல்ட் வேண்டும். கைப்பேசிகள் பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கு மேல் செல்லா. பெருக்கிக்கு இங்கேதான் வேலை உண்டு. ஓம் குறைந்தால் எளிதில் இயங்கும் என்றெண்ணுவதும் பிழை. 32 ஓம் ஆயினும் 90 டெசிபெல்லே உடைய கருவி 50 மில்லிவாட் கேட்கும்.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்போர் இக்கணக்கொன்றும் போடவேண்டுவதில்லை. பெருக்கி அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

2016-இல் ஆப்பிள் நிறுவனத்தார் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையை நீக்கினர், பிறரும் பின்தொடர்ந்தனர். அதனால் யு.எஸ்.பி. முனையில் செருகும் சிறு இணைப்பான்கள் பெருகின. விரல் நீளமேயுள்ள அவற்றுட் பலவற்றில், எண்ணுருவை ஒலியலையாக்கும் பகுதியும் பெருக்கியும் ஒருங்கே உள. முதன்முதல் வாங்குவோர்க்கு இவையே சிக்கனம். ஆயினும் சில வெறுங் கம்பிகளே. அவை பல கைப்பேசிகளில் ஊமையாகும். வேறு சில, ஒரு கைப்பேசியில் உரக்கவும் மற்றொன்றில் மெலிந்தும் ஒலிக்கும். மின்கலத்தோடு கூடிய தனிப்பெருக்கி, கைப்பேசியின் மின்சாரத்தை உண்ணாது. ஆனால் சட்டைப்பையில் இரண்டு செங்கல் சுமப்பது போலாம்.

பெருக்கியின் வெளியெதிர்ப்பையும் நோக்குக. அது ஹெட்போனின் ஓமில் எட்டிலொரு பங்குக்கு மேற்படலாகாதென்பது வழக்கிலுள்ள அளவு. 32 ஓமுக்கு 4 ஓம். மிஞ்சினால், சில செவிக்கருவிகளில் வயலினின் நாதமே மாறிவிடும். ‘இத்தனை நூறு மில்லிவாட்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்வோர் இவ்வெண்ணை ஏனோ சிற்றெழுத்தில் கூட அச்சிடுவதில்லை. பெருக்கத்தைக் குறைக்கும் விசையும் இருத்தல் நலம். அஃதில்லாத வலிய பெருக்கியில் நுண்ணிய செவிக்கருவியைப் பூட்டினால், பாட்டின் இடைவெளிதோறும் ‘ஸ்’ என்ற இரைச்சல் கேட்கும்.

நம் நண்பரின் கருவியைப் பார்த்தோம்: 16 ஓம், 105 டெசிபெல். கைப்பேசி அதற்குத் தாராளம். குறை சக்தியிலன்று, பேருந்தின் ஓசையிலே. என்ஜின் உறுமலுக்கு மேலாகப் பாட்டை உயர்த்த முயல்வது செவியைப் பணயம் வைப்பதாகும். வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி, 90 டெசிபெல்லில் 4 மணி என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கீழ்க்கட்டளையினின்று வந்துபோகும் ஒரு வாரப் பயணத்திலேயே அந்நான்கு மணி தீர்ந்துபோம்; உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளையா. ஆகவே காதில் இறுகப் பொருந்தும் சிலிக்கான் முனைகளை வாங்கச் சொன்னோம். வெளியோசை அடங்கவே, ஒலியளவைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டதாக மறுவாரம் தெரிவித்தார்.

மெய்யாகவே பெருக்கி வேண்டுவோர் ரிச்சித் தெருவுக்குத் தமது கைப்பேசியையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுசெல்க. இரண்டு கருவிகளை ஒப்பிடுங்கால் ஒலியளவைச் சமமாக்கிக் கேட்க. சற்றே உரத்தது எதுவோ அதுவே சிறந்ததாகத் தோன்றுவது செவியின் மயக்கம். அத்தெருவின் ஆரவாரத்தில் பெருக்கியின் இரைச்சல் புலப்படாதாதலின், சில நாளில் திருப்பித் தரலாமா என்று பணம் கொடுக்குமுன்பே கேட்டுக்கொண்டு, வீட்டில் ஊரடங்கிய பின்னர்ப் பாட்டின்றி அதனைச் செவியில் பூட்டிப் பார்க்க.