ஆர்.இ.எம். முதலில் வாசித்த இடம்
ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரின் புனித மேரி தேவாலயத்தில் இன்று எஞ்சியிருப்பது கோபுரம் மட்டுமே. மற்றப் பகுதி 1990இல் இடிக்கப்பட்டது. வழிபாடு நின்று வாடகை வீடாகிவிட்ட அந்தக் கட்டடத்தில்தான் ஆர்.இ.எம். ராக் இசைக்குழுவின் மைக்கேல் ஸ்டைப்பும் பீட்டர் பக்கும் குடியிருந்தார்கள். மைக் மில்ஸ், பில் பெரி இருவரையும் சேர்த்துக்கொண்டு, 1980 ஏப்ரல் 5 அன்று ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில் அங்கே முதன்முதலாக வாசித்தார்கள். குழுவுக்கு அப்போது பெயர்கூட வைக்கவில்லை.

பக் நீண்ட தனி வாசிப்புகளை நாடவில்லை. ரிக்கன்பேக்கர் கிதாரின் தந்திகளை ஒவ்வொன்றாக, மணி ஒலிப்பதுபோல் மீட்டினார். மில்ஸின் பேஸ் கிதார் தனி மெட்டாகவே ஓடும். ஸ்டைப் பாடும்போது சொற்கள் பிடிபடாது, ஏக்கம் பிடிபட்டுவிடும். இக்குழுவின் பேரழகு அதுதான். முதல் இசைத்தட்டான ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ 1981இல் ஹிப்-டோன் என்ற சிறு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. அதைக் கொண்டாடிப் பரப்பியவை கல்லூரி வானொலிகள்.