சூட்கேஸ் விளம்பரம் அங்கே எப்படி வந்தது?

வலைக்குள் ஒரு சந்தை – 12

2003-ஆம் ஆண்டு நியூயார்க் போஸ்ட் நாளிதழின் இணையதளத்தில் ஒரு கொலைச் செய்தி வெளியானது. கொல்லப்பட்டவரின் உடலைக் கூறுபோட்டு சூட்கேஸில் அடைத்துவிட்டார்கள் என்பது செய்தி. அதே பக்கத்தில், செய்திக்கு அருகிலேயே, சூட்கேஸ் விற்கும் விளம்பரம் ஒன்று பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் யாரும் அதைத் தேர்ந்தெடுத்து அங்கே வைக்கவில்லை. வைத்தது கூகுளின் கணினி.

விளம்பரத் துறையில் இருப்பவர்கள் இருபது வருடங்களுக்கு மேலாக இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், கொஞ்சம் சங்கடத்தோடு. அன்று கணினி எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதுதான் சங்கடம். பக்கத்தைப் படித்தது, சூட்கேஸ் என்ற சொல்லைப் பிடித்தது, அந்தச் சொல்லுக்குக் காசு கட்டியவரை அழைத்து வந்து நிறுத்தியது. கொடுத்த வேலையைச் சுத்தமாக முடித்தது.

அப்போது இந்தத் தொழில்நுட்பம் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூகுளில் ஜிமெயிலை உருவாக்கிக்கொண்டிருந்த பால் புக்ஹைட், மடலில் உள்ள சொற்களுக்கு ஏற்ற விளம்பரத்தை ஓரத்தில் காட்டினால் என்ன என்று யோசித்தார். ஒரே ராத்திரியில் ஒரு மாதிரியையும் செய்துவிட்டார். ஆபாசப் பக்கங்களை வடிகட்டுவதற்காக முன்பே எழுதி வைத்திருந்த நிரலைத்தான் அதற்குத் திருப்பிப் பயன்படுத்தினார். இன்று கோடிக்கணக்கான பக்கங்களுக்கு விளம்பரம் பொறுக்கித் தரும் ஏற்பாட்டின் மூதாதை அது! 2003 ஏப்ரலில் அப்ளைட் செமான்டிக்ஸ் என்ற கலிஃபோர்னியா நிறுவனத்தை 10.2 கோடி டாலருக்கு கூகுள் வாங்கியது. கில் எல்பாஸ், ஆடம் வைஸ்மன் என்ற இருவர் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சரக்கே, சொற்களுக்கு இடையிலான பொருள் உறவைக் கணினிக்குப் புரியவைப்பதுதான். ஜூனில் இந்த விளம்பர ஏற்பாடு ஆட்சென்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் சில வரி நிரலை ஒட்டலாம். விளம்பரம் தானாக வரும், காசும் வரும்.

கூடவே சம்பந்தமில்லாத விளம்பரங்களும் வந்தன.

பொருள் என்ன என்பதைக் கணினி ஓரளவு கண்டுபிடித்துவிடும். அந்தப் பொருளைப் பற்றி எழுதியவரின் நிலைப்பாடு என்ன என்பதில்தான் அது தடுமாறுகிறது. ஒரு பகுத்தறிவுத் தளத்தில் ஜோதிடத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ராசி, லக்னம், செவ்வாய் தோஷம், பரிகாரம் என்று பத்திக்குப் பத்தி வரும். சொற்களை எண்ணிப் பார்க்கும் கணினிக்கு இதைவிட அருமையான ஜோதிடப் பக்கம் கிடைக்காது. கட்டுரையின் நடுவில் ‘உங்கள் ஜாதகத்துக்கு இலவசப் பலன்’ என்று ஒரு பெட்டி முளைக்கும். எழுதியவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஆட்சென்ஸில் ஜோதிடத்தைத் தனியொரு பிரிவாகவே வைத்திருக்கிறார்கள்; தளம் நடத்துபவர் வேண்டாம் என்று அணைத்துவிடலாம். அணைத்துவிட்டுக் கணக்கைப் பார்த்தால் வருமானம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் நொடிக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. ஏலத்தில் ஆள் குறைந்தால் விலையும் குறையும்.

ஆனால் தளம் நடத்துபவர்கள் கொண்டுவரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம் அல்ல. ‘நான் எழுதுவது ஒன்று, வரும் விளம்பரம் வேறொன்று’ என்று புலம்புபவர், கணினி தன் பக்கத்தைத் தப்பாகப் படித்துவிட்டது என்றே நினைக்கிறார். பல நேரங்களில் அது பக்கத்தைப் படிக்கவே இல்லை.

முதலில் சந்தேகப்பட வேண்டியது, பார்ப்பவரைத்தான். 2009 மார்ச்சில் கூகுள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. அதுவரை பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தது, அதன்பின் பக்கத்தைத் திறந்தவர் யார் என்றும் பார்க்கத் தொடங்கியது. முந்தின நாள் ராத்திரி மிக்ஸி விலை தேடியவருக்கு, மறுநாள் அவர் திறக்கும் தேவாரப் பக்கத்திலும் மிக்ஸி வந்து நிற்கும். தேவாரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. டொரொன்டோவிலிருந்து அதே பக்கத்தைத் திறப்பவருக்கு கனடா வங்கிகளின் வீட்டுக் கடன் வரும். ஆகவே எந்தப் புகாருக்கும் முதல் சோதனை ஒன்றுதான்: பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே பக்கத்தைத் திறப்பது, பிறகு வேறொருவரின் போனில், முடிந்தால் வேறு ஊரிலிருக்கும் நண்பரின் போனில் திறக்கச் சொல்வது. விளம்பரம் ஆளுக்கு ஆள் மாறினால் பக்கத்தில் கோளாறு இல்லை. எல்லோருக்கும் அதே அபத்தம் வந்தால்தான் பக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோதிக்கிற வேகத்தில் தன் தளத்தின் விளம்பரத்தைத் தானே கிளிக் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அதை கூகுள் மோசடிக் கணக்கில் சேர்க்கும். ஆட்சென்ஸ் கணக்கே முடங்கலாம்.

அடுத்தது, கணினி உள்ளே வர முடிகிறதா என்ற கேள்வி. விளம்பரத்துக்காகப் பக்கங்களைப் படிக்க கூகுள் தனியாக ஓர் உளவு நிரலை அனுப்புகிறது. அதன் பெயர் மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள். தேடலுக்காக வரும் கூகுள்பாட் வேறு, இது வேறு. தளத்தின் வாசலில் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற சின்னஞ்சிறு கோப்பு இருக்கும். எந்த நிரல் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் எப்போதோ இந்தப் பெயரை எழுதி, கீழே ‘அனுமதி இல்லை’ என்று ஒரு சாய்கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார். அதோடு கதவு சாத்தப்பட்டுவிடும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத கூகுள், வாசகரையும் ஊரையும் வைத்துக் குத்துமதிப்பாக எதையாவது போடும். அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டால் நிலைமை மெல்லச் சீராகும்.

சந்தா கட்டியவர்கள் மட்டும் படிக்கும் பக்கங்களிலும் இதே கதைதான். கடவுச்சொல் இல்லாத கணினி, உள்நுழையும் பக்கத்தைத்தான் பார்க்கும். அதில் விளம்பரம் பொறுக்குவதற்கு என்ன இருக்கிறது? இந்த நிரலுக்கென்றே ஒரு நுழைவுக் கணக்கைக் கொடுக்க ஆட்சென்ஸில் வழி உண்டு. தெரிந்தவர்கள் குறைவு. புதிதாக வெளியான பக்கத்துக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் வாசகர் திறக்கும்போது நிரல் இன்னும் வந்திருக்காது.

உள்ளே வந்த பிறகு எதைப் படிக்கிறது என்பது இதைவிடச் சுவாரஸ்யமான விஷயம். ஒரு சமையல் தளத்தில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. பெரிய படம், வீடியோ, கீழே நாலு வரி செய்முறை. பக்கத்தின் மற்ற இடமெல்லாம் வார்ப்புருவோடு வந்த சரக்கு: ஹோம், லாகின், ஷேர், டவுன்லோட், பிரைவசி பாலிசி. படத்தில் தெரியும் கருவாடு கணினியின் கணக்கில் அவ்வளவாக ஏறாது. நாலு வரித் தமிழை நாற்பது ஆங்கிலச் சொற்கள் அமுக்கிவிடும். மென்பொருள் விளம்பரம் வராமல் என்ன செய்யும்? ஒரு காலத்தில் ‘இங்கிருந்து இதுவரை படி, மற்றதை விட்டுவிடு’ என்று நிரலுக்குள்ளேயே குறிப்பெழுதும் வசதியை கூகுள் கொடுத்திருந்தது. இப்போது செய்யக்கூடியது, தலைப்பில் கருவாட்டைச் சொல்வது, செய்முறையை வீடியோவில் மட்டும் விடாமல் எழுத்திலும் விரிவாகத் தருவது, படத்துக்குக் குறிப்பு எழுதுவது.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு பழைய வினையும் உண்டு. யூனிகோடு வருவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏற்றிய பக்கங்கள் இன்னும் அங்கங்கே உயிரோடு இருக்கின்றன. நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குப்பை. இதற்கு எந்த மருந்தும் இல்லை, யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர.

யூனிகோடில் இருந்தாலும் தமிழ் நெடுங்காலம் வெளியேதான் நின்றது. ஆட்சென்ஸ் 2014-இன் கடைசியில் இந்தியை ஏற்றுக்கொண்டது. தமிழுக்குக் கதவு திறந்தது 2018 பிப்ரவரியில். திறந்த பிறகும் ஏலத்துக்குத் தமிழில் விளம்பரம் தருபவர்கள் வர வேண்டுமே! சங்க கால நாணயங்கள் பற்றிய அருமையான கட்டுரையைக் கணினி சரியாகவே புரிந்துகொள்ளலாம். நாணயத்துக்கு விளம்பரம் தர ஆளில்லாதபோது, பக்கத்தை ஏலம் எடுப்பது மனை விற்பவர்தான். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

சூட்கேஸ் சங்கடத்தைத் தவிர்க்கப் போட்ட வேலிகளும் வேறு விதத்தில் கடித்தன. ஜிமெயில் மடல்களைப் படித்து விளம்பரம் போட்டுவந்த காலத்தில், மரணமோ பேரழிவோ பேசப்படும் மடல் அருகே விளம்பரம் காட்டாமல் ஒதுங்கிக்கொள்ளும். அது நாகரிகம். 2020-இல் பல நாட்டு விளம்பர நிறுவனங்கள் ‘கொரோனா’ என்ற சொல் இருக்கும் பக்கமே வேண்டாம் என்று பட்டியல் போட்டன. செய்தித் தளங்களில் வாசகர் கூட்டம் அலைமோதியது. பெட்டிகள் மட்டும் காலியாகவும் மலிவாகவும் கிடந்தன. தடுப்பூசி பற்றிய நிதானமான விளக்கக் கட்டுரையும் வதந்தியும் அந்தப் பட்டியலுக்கு ஒன்றுதான்.

மேலே சொன்ன எதிலும் சேராத விளம்பரம் ஒன்று உண்டு. திடீரென்று சூதாட்டத் தளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று அலறும். இங்கே கணினியின் வாசிப்பில் குறை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து ‘சிஏ-பப்’ என்று தேடினால், ஆட்சென்ஸ் கணக்கின் 16 இலக்க எண் வரும். அது தளக்காரரின் எண்தானா? கூடவே அவர் ஒட்டாத வேறு நிரல் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா? காசு கொடுத்து வாங்க வேண்டிய வேர்ட்பிரஸ் வார்ப்புருவை எங்கிருந்தோ இலவசமாக இறக்கிப் போட்டவர்களுக்கு இந்தத் தேடலில் அதிர்ச்சி காத்திருக்கலாம். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. வேர்ட்ஃபென்ஸ் பாதுகாப்பு நிறுவனம் 2019-இல் அதைப் பற்றி விரிவான அறிக்கையே வெளியிட்டது. தளம் இவருடையது, வாசகர் இவருடையவர், வருமானம் மட்டும் முகம் தெரியாத யாருக்கோ. அந்த வார்ப்புருவை அழித்தால் மட்டும் போதாது. உள்ளே வந்த உடனேயே தீநிரல் மற்ற வார்ப்புருக்களுக்கும், அதே வாடகை சர்வர் கணக்கில் இருக்கும் பிற தளங்களுக்கும் தொற்றியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்தாக வேண்டும்.

(தொடரும்)