ஆறாத நகச்சுற்றை அலட்சியப்படுத்தலாமா?

நகத்தின் ஓரம் சிவந்து வீங்கினால் பல வீடுகளில் முதலில் தேடுவது எலுமிச்சம்பழத்தைத்தான். பழத்தில் துளையிட்டு விரலை நுழைத்து வைத்தால் நகச்சுற்று அடங்கிவிடும் என்பது பாட்டி காலத்து வைத்தியம். பெரும்பாலும் சில நாட்களில் அது அடங்கியும் விடுகிறது. ஆனால், மாதக்கணக்கில் நீர் கசிவதும், பொருக்குத் தட்டுவதும், மீண்டும் புண்ணாவதுமாக இருந்தால்? அபூர்வமாக அது தோல் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்.

இது என்ன நோய்?

தோலின் மேல்படலத்தில் அடிவரிசையில் உள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து புதிய தோலை உருவாக்குகின்றன. அவற்றின் மரபணு பழுதுபட்டு, கட்டுப்பாடின்றிப் பெருகும்போது வருவதே பேசல் செல் கார்சினோமா எனப்படும் அடித்தள உயிரணுப் புற்றுநோய். தோல் புற்றுநோய்களில் உலக அளவில் அதிகம் காணப்படுவது இதுதான். டப்ளின் நகர மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827ஆம் ஆண்டில் இதை விவரித்தார். எலி கொறித்ததுபோல் சதையை அரித்துச் செல்வதால் இதற்குக் 'கொறிக்கும் புண்' என்ற பெயரும் உண்டு. மற்ற உறுப்புகளுக்கு இது பரவுவது மிக மிக அரிது. ஆனால், கவனிக்காமல் விட்டால் இருக்கும் இடத்தையே அழித்துவிடும்.

கையில் ஏன் அரிது?

இந்நோய் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேருக்குத் தலை, முகம், கழுத்துப் பகுதியில்தான் வருகிறது. முக்கியக் காரணம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். அப்படியானால் அதே வெயில் படும் புறங்கையில் ஏன் குறைவாக வருகிறது? முடி வேர்ப்பையைச் சார்ந்த உயிரணுக்களில் இருந்தே இது பெரும்பாலும் தொடங்குவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முகத்தில் வேர்ப்பைகள் நெருக்கமாக உள்ளன. உள்ளங்கையில் முடியே கிடையாது. நகத்தின் அடித்தோலுக்கு நகமே கவசம். ஆகவே உள்ளங்கை, நகத்தின் அடி, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் இது வருவது அபூர்வம்.

வெயில் படாத இடத்தில் வந்தால் மருத்துவர்கள் வேறு காரணங்களையும் விசாரிப்பார்கள். ஒன்று எக்ஸ்ரே கதிர். 1902ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில், எக்ஸ்ரே குழாய்த் தொழிலாளி ஒருவரின் புறங்கையில் தோல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மற்றொன்று ஆர்சனிக் எனும் பாஷாணம். 1970களில் சிங்கப்பூரில், ஆஸ்துமாவுக்காகச் சாப்பிட்ட சில மூலிகை மருந்துகளில் ஆர்சனிக் கலந்திருந்ததால் பலர் பாதிக்கப்பட்டனர். இந்த நஞ்சு உள்ளங்கையில் காலாணி போன்ற கடினமான புடைப்புகளை உண்டாக்கும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயும் தோன்றலாம். கார்லின் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு உள்ளங்கையில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும். அவர்களுக்கு இந்நோய் இளம் வயதிலேயே வரலாம்.

கறுத்த தோலுக்கு வராதா?

தோலின் கருநிறமி வெயிலிலிருந்து ஓரளவு காக்கிறது. அதனால் இந்தியர்களுக்கு இந்நோய் குறைவு; வரவே வராது என்பது தவறு. வெள்ளையரிடம் முத்துப்போல் மினுக்கும் கட்டியாகத் தெரிவது, ஆசியர்களிடம் பெரும்பாலும் கருமையாகத் தெரியும். மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். நகத்தடியில் புதிதாகத் தோன்றும் கருமைக்கு இதைவிட ஆபத்தான மெலனோமா என்ற புற்றுநோயும் காரணமாக இருக்கலாம். எனவே, அதை உடனே காட்டுவதே நல்லது.

தாமதத்தின் விலை

நகச்சுற்று, பூஞ்சைத் தொற்று, சொறி, மரு என நினைத்து மாதக்கணக்கில் களிம்பு பூசுவதில்தான் காலம் கடந்து போகிறது. சிறு துண்டுத் தோலை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிது நேரத்தில் முடிகிற சோதனை அது.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் கட்டியை வெட்டி எடுத்துப் பூரணமாகக் குணப்படுத்த முடியும். கையில் உபரித் தோல் குறைவு. எனவே, தோலைப் படலம் படலமாக வெட்டி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, நல்ல தோலைக் காக்கும் மோஸ் அறுவை சிகிச்சை இங்கே பெரிதும் உதவுகிறது. தேவைப்பட்டால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். ஆனால், விரலில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. புற்று எலும்பை எட்டிவிட்டால் விரல் நுனியையே எடுக்க நேரிடலாம்.

நான்கு வாரங்களாகியும் ஆறாத புண், காரணமின்றி ரத்தம் கசியும் கட்டி, ஒரே ஒரு விரலில் மட்டும் நீடிக்கும் நகச்சுற்று ஆகியவை இருந்தால் அரசாங்கக் கிளினிக்கிலோ பலதுறை மருந்தகத்திலோ காட்ட வேண்டும். கொடுத்த மருந்தில் குணமாகவில்லை என்றால், "தோலை எடுத்துச் சோதிக்க வேண்டுமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. இருந்துவிட்டால், அந்த ஒரு கேள்வி ஒரு விரலைக் காப்பாற்றிவிடும்.