மலைப்படிகளும் மானுட உழைப்பும்: பரங்கிமலை யாத்திரையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

யாத்திரை என்பது பெரும்பாலும் சமயவாழ்வின் ஓர் அங்கமாக மட்டுமே நம்மிடையே ஆராயப்பட்டு வந்துள்ளது. தலபுராணங்களும் திருத்தல வரலாறுகளும் தலத்தின் மகிமையைக் கூறுவன. அங்கு நிகழ்ந்த அற்புதங்களை நிரைப்படுத்துவன. ஆயின், மலையுச்சியிலுள்ள தலமொன்றுக்கு மக்கள் கால்நடையாகச் செல்ல வேண்டுமெனின் நடப்பதற்குப் பாதை வேண்டும். ஏறுவதற்குப் படி வேண்டும். வழியில் உணவும் தங்குமிடமும் வேண்டும். இவற்றை ஆக்கியோர் யாவர், அதற்கான செல்வம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் எழும்போதே யாத்திரை சமூக வரலாற்றின் பொருளாகின்றது. தமிழ் பேசும் மக்களிடையே கத்தோலிக்க மலை யாத்திரைக்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்கும் சென்னைப் பரங்கிமலையை முதன்மையாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

பரங்கிமலை சுமார் 300 அடி உயரமேயுடைய சிறு குன்று. இயேசுவின் சீடரான தோமையார் கி.பி. 72இல் இங்குக் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபுவழி நம்பிக்கை. இதனை ஐயந்திரிபற நிறுவும் சமகாலச் சான்றுகள் இல்லை. எனினும் போர்த்துக்கேயர் வருகைக்கு முன்னரே தென்னிந்தியாவில் கிறித்தவர் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. 1523இல் போர்த்துக்கேயர் குன்றின் உச்சியில் ஆலயம் எழுப்பினர். 1547இல் அங்கு நிலத்தைத் தோண்டுகையில் பாரசீகப் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையொன்று கிடைத்தது. இத்தகைய சிலுவைகள் கேரளத்திலும் காணப்படுகின்றன. மேற்காசியாவுக்கும் தென்னிந்தியக் கரைகளுக்கும் இடையே வணிகர் சென்றுவந்த வழியே சமயமும் வந்தது என்பதற்கு அவை சான்றாகின்றன. 1558 முதலாக அச்சிலுவை குருதி வியர்த்ததென்ற செய்தி பரவ, டிசம்பர் 18ஆந் திகதித் திருவிழா யாத்திரிகரின் பெருவிழாவாயிற்று. பரங்கிமலை என்னும் பெயரே வரலாற்றுச் சான்றாகும். ஐரோப்பியரைப் ‘பரங்கி’ என அழைத்த மக்கள், அவர்தம் குடியேற்றத்தின் பெயராலேயே குன்றையும் வழங்கினர்.

யாத்திரிகர் இன்றும் ஏறிச்செல்லும் கற்படிகள் 1726இல் அமைந்தவை. அவற்றைத் தம் பொருளில் அமைப்பித்தவர் பெத்ருஸ் ஊஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மணிலாவுடனான கடல் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய இவர், நகரிலிருந்து குன்றுக்கு வருவோர் அடையாற்றைக் கடப்பதற்காகச் சைதாப்பேட்டையில் பாலமொன்றையும் அமைப்பித்தார். பாலத்தின் பயன் யாத்திரிகர்க்கு மட்டும் உரியதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. பக்தர் நடந்த வழியிலேயே பண்டங்களும் சென்றன. ஊஸ்கானின் பக்தி போலியானதென நாம் கூற வேண்டியதில்லை. வணிக மூலதனம் தனக்கு வேண்டிய பாதையை அமைக்கும்போது, அப்பாதை அறச்செயலின் வடிவையும் ஏற்கக்கூடும் என்பதே இங்குப் புலப்படும் உண்மை. ஊஸ்கானின் பெயரைக் கல்வெட்டும் நூல்களும் போற்றி வைத்துள்ளன. கல்லுடைத்தோர், சுமந்தோர், படி அடுக்கியோர் ஆகியோரில் ஒருவர் பெயரேனும் அவற்றில் இல்லை.

இதே குன்று பிறிதொரு தேவைக்கும் பயன்பட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் இந்திய நிலப்பரப்பை முக்கோணமுறையால் அளக்கும் பெருந்திட்டத்தின் முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலையருகிலுள்ள சமவெளியிலேயே அளந்தார். குன்றின் அடிவாரம் படைமுகாமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குள் வணிகரின் படிகளும் நில அளவையாளரின் சங்கிலியும் படைவீரரின் கூடாரமும் ஒரே குன்றைச் சூழ்ந்தமை, குடியேற்ற ஆதிக்கம் வளர்ந்த படிமுறையையே சுருக்கிக் காட்டுவதாக உள்ளது.

விக்டர் ரேணரும் எடித் ரேணரும் கிறித்தவ யாத்திரை பற்றி 1978இல் வெளியிட்ட நூலில், யாத்திரிகர் தம் அன்றாடத் தகுதி வேறுபாடுகளைக் களைந்து சமத்துவமானதொரு தோழமையில் இணைகின்றனர் என்னும் கருத்தை முன்வைத்தனர். இது முற்றும் தவறன்று. பக்கத்தில் ஏறுபவரின் மூச்சிரைப்பு தம்முடையதைப் போன்றதே என்பதை மலையேறும் எவரும் உணர்வர். சமயத்தை மயக்கமருந்தாக மட்டும் கார்ல் மார்க்ஸ் கண்டாரெனக் கொள்வோர், மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயருக்கெதிரான குரலாகவும் அவர் 1844இல் அதனை விளக்கியமையை மறந்துவிடுகின்றனர். ஆயினும் பாதையில் தோன்றும் அச்சமத்துவம் எத்துணைத் தூரம் மெய்யானது என்பதை நம் நாட்டுச் சான்றுகள் கொண்டு சோதித்தல் தகும்.

சிவனொளிபாதமலை இதற்கு உகந்த களம். 2243 மீற்றர் உயரமான அதன் உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தரின் பாதமென்பர். சைவர் சிவனின் பாதமென்பர். முஸ்லிம்கள் ஆதம் நபியின் சுவடெனப் போற்றுவர். கிறித்தவர்க்குள்ளும் கருத்து ஒன்றாக இருக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவி மரிஞ்ஞோல்லி ஆதாமின் சுவடென எழுத, போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ அதனைத் தோமையாருடன் தொடர்புபடுத்தினார். பரங்கிமலையின் அதே தோமையார் இங்கும் தேடப்பட்டமை கவனிக்கத்தக்கது.

1344இல் மலையேறிய இப்னு பதூதாவின் பயணக்குறிப்பு பெறுமதி மிக்கது. ஆரியச்சக்கரவர்த்தி அவருக்கு அடிமைகள் சுமக்கும் பல்லக்கொன்றை அளித்து, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தார் பதின்மர் ஆகியோருடன் உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பினான். யோகியரும் பிராமணரும் முஸ்லிம் பயணியொருவருடன் ஒரே பாதையில் நடந்தனர் என்பதைச் சமய இணக்கத்தின் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். அது சரியே. ஆனால் அவ்விணக்கத்தைத் தோளில் சுமந்தோரை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. முதலாம் விஜயபாகுவின் (1055–1110) அம்பகமுவக் கல்வெட்டு இன்னும் வெளிப்படையானது. யாத்திரிகர்க்கு உணவளிக்க ஊர்களின் வருவாயை ஒதுக்கிய அவ்வரசன், தாழ்ந்த குலத்தினராகக் கொள்ளப்பட்டோர் வழிபடுவதற்குச் சுவட்டின் மேடைக்குக் கீழே வேறொரு மேடையை அமைப்பித்தான். உழவரின் உபரி விளைவால் யாத்திரை நடந்தது. உச்சியிலோ அவ்வுழைப்பாளர் வரிசையிலிருந்தே பிரிக்கப்பட்டனர். ரேணர் கூறும் தோழமை, நிலமானிய உறவுகளின் எல்லையைத் தாண்டவில்லை.

குடியேற்றக் காலம் இம்மலையைச் சுற்றிக் கோப்பியையும், 1869இல் தோன்றிய இலைநோயின் பின்னர் தேயிலையையும் பரப்பிற்று. தோட்டங்களின் விளைவைக் கொண்டுசெல்ல 1884இல் ஹட்டனுக்கு வந்த புகையிரதம் யாத்திரிகரையும் கொண்டுவந்தது. மலையடிவாரத்தைப் பசுமையாக்கிய தமிழ்த் தொழிலாளர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. சுவடு யாருடையதென நூற்றாண்டுகளாக வாதிட்ட நாடு, அதன் அடியில் உழைத்தோர் யாருடைய மக்கள் என்பதற்கு விடைகூற அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இவ்வினாக்கள் பழங்கதையல்ல. அம்பாறை மாவட்டத்து இறக்காமப் பிரதேசத்தில் வரிப்பத்தான்சேனை என்னும் முஸ்லிம் ஊர் உள்ளது. காடுவெட்டிப் பயிர்செய்த வரலாற்றைச் ‘சேனை’ என்னும் ஈற்றுச்சொல்லில் அவ்வூர்ப் பெயர் தாங்கியுள்ளது. அதே பிரதேசத்தின் மாணிக்கமடுவில், தமிழரும் முஸ்லிம்களும் வாழும் சூழலில், மாயக்கல்லி மலை அமைந்துள்ளது. 2016 ஒக்டோபரில் அம்மலையில் புத்தர் சிலையொன்று நிறுவப்பட்டது. அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். தொடர்ந்து விகாரைக்கான நிலம் பற்றிய பிணக்கும் எழுந்தது. தொல்லியற் சின்னங்கள் எம்மரபினவாயினும் அவை பேணப்பட வேண்டியவை என்பதில் கருத்து வேறுபாடிருத்தலாகாது. ஆனால் பழமையொன்றைப் பேணுவதும், அதனைக் காட்டி இன்று நிலத்தின்மீது உரிமை நாட்டுவதும் வெவ்வேறானவை. நெல்வயலை நம்பி வாழும் மக்களிடையே குன்றொன்றைப் பற்றிய வழக்கு, குன்றோடு நின்றுவிடுவதில்லை; அடிவாரத்து நிலத்தையும் நீரையும் அது தொடுகின்றது. சமய மொழியில் பேசப்படுவது பெரும்பாலும் காணிப் பிரச்சினையே.

கால்நடையாக வரும் யாத்திரிகன் மலையை உடைமையாக்குவதில்லை. ஏறுகின்றான், வணங்குகின்றான், இறங்கிச் செல்கின்றான்; அடுத்தவனுக்கும் வழி திறந்தே இருக்கின்றது. மக்கள்மரபில் உள்ள இப்பொதுமை, அரசரும் வணிகரும் அளித்த கொடைகளைவிடப் பழமையானது. அவர்கள் வகுத்த வேற்றுமைகளாலும் அது முற்றாக அழிந்துவிடவில்லை. ஒரு மலை யாருக்குரியது என்று சுவட்டை அளந்து தீர்மானிக்க முயல்வதைக் காட்டிலும், அதன் படிகளைச் செதுக்கியவர்களும் அடிவாரத்தில் உழுதவர்களும் யார் என வினவுவதே இன்றைய ஆய்வாளரின் கடமை எனலாம். அவ்வினாவுக்கு விடைதேடிச் செல்கையில், வெவ்வேறு பெயர்களால் இறைவனை அழைக்கும் மக்கள் ஒரே சுமையைச் சுமந்து வந்தவர்கள் என்பது தெளிவாகும்.