ஸ்டார்ட்டரை அமுக்கினால் ‘டக்’ மட்டும் கேட்பது ஏன்?

ஓகஸ்ட் 15, மடுத் திருவிழா முடிந்து மன்னாருக்குத் திரும்பப் பார்க்கிறீர்கள். பழைய மோட்டார் சைக்கிள் ‘டக்’ என்றதோடு சரி. லைற் எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது. பிறகென்ன குறை?

லைற்றுக்கு மூன்று அம்பியர் போதும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கோ அதைப்போல் பல மடங்கு வேண்டும். தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் பாசி அடைத்தாலும் செம்பு நிறையும், தோட்டத்துக்குப் பாயாது.

‘டக்’ என்பது ரிலேயின் சத்தம். பொத்தானை அமுக்கியதும் சிறு மின்சாரம் அதைக் காந்தமாக்க, மோட்டாருக்கான பெரிய பாதை இணைகிறது. பாதை இணைந்தும் மோட்டார் சுற்றவில்லையா?

பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதுதான் பாசி. மன்னார்க் கடற்காற்றின் உப்பு அதை இன்னும் வளர்க்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, சுரண்டி, இறுக்கி, கிரீஸ் பூசுங்கள். சட்டத்தில் பூட்டிய எர்த் வயரையும் சுரண்டுங்கள். பலர் தவறவிடுவது அதைத்தான்.

அதன்பிறகும் ‘டக்’தானா? அமுக்கும்போது லைற் மங்கினால் பெரும்பாலும் பற்றரி களைத்துவிட்டது. மங்காவிட்டால் ரிலேயின் உள்முனையோ மோட்டாரின் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும்.

புதுப் பற்றரிக்குக் காசு கொடுக்குமுன் ஒரு தரம் சுரண்டிப் பாருங்கள்.